சீதனக் கோல்

மாப்பிள்ளையின் காலிலிருந்து பந்தைப் பறிக்கலாமா, கூடாதா? இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஒரு வாரம் முழுக்க அஜ்மானில் செய்கு அலாவுதீன் வீட்டில் இதே பேச்சுதான். அடுப்பில் ஆணம் கொதிக்கும்போதும் இதே பேச்சு, பால்கனியில் துணி காயப்போடும்போதும் இதே பேச்சு.

காயல்பட்டினத்துக்காரர்கள் எங்கே பிழைக்கப் போனாலும் பெட்டிக்குள் போர்வை இருக்கிறதோ இல்லையோ, பூட்ஸ் இருக்கும். துபாய், சார்ஜா, அஜ்மான் என்று சிதறிக் கிடக்கும் ஊர்ப் பையன்கள் வருஷா வருஷம் குளிர் தொடங்கியதும் தெருவாரியாக அணி கட்டி ஒரு கோப்பைக்கு மோதுவார்கள். அந்த வருஷம் ஃபைனலுக்கு வந்தவை தெற்குத் தெருவும் வடக்குத் தெருவும். தெற்குத் தெருவின் ஸ்டாப்பர் பேக் நம்முடைய அலாவுதீன். வடக்குத் தெருவின் பார்வர்டு, துபாய் தேராவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் அஹ்சன். அந்த அஹ்சனுக்கும் அலாவுதீனின் ஒரே மகள் ஹிஃப்ஸாவுக்கும் போன மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. கோடை லீவில் ஊரில் நிக்காஹ்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று புரியாது. காயல்பட்டினத்தில் பெண் புகுந்த வீடு போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வந்தவனை அந்த வீடு கடைசிவரைக்கும் விருந்தாளியாகவே வைத்துத் தாங்கும். மீனில் நடுத்துண்டு அவனுக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவனுக்கு. அவன் செருப்புச் சத்தம் கேட்டால் மாமனார் பனியனோடு நிற்கமாட்டார், சட்டையைத் தேடுவார். அப்படிப்பட்ட மாப்பிள்ளையை, இன்னும் வீட்டுக்குள்ளேயே வராத மாப்பிள்ளையை, நட்ட நடு மைதானத்தில் ஓடிப்போய் இடித்து மண்ணில் உருட்டுவது எந்த ஊர் நியாயம்?

“அரைக்கால் சட்டையோட மாப்புள முன்னால போயி நிக்கப் போறியளா?” என்று கேட்டாள் ஜுலைஹா பீவி. அவளுக்கு முதல் கவலை அதுதான்.

“பேக் ஆடுறவன் பின்ன கைலி கட்டிக்கிட்டா ஆடுவான்?”

“ஆடாமத்தான் இருங்களேன். முட்டிக்குத் தைலம் தேய்ச்சித் தேய்ச்சி என் கை தேஞ்சி போச்சி. வயசுப் பயலுவ ஒருத்தனும் இல்லையா ஒங்க தெருவுல?”

“இருக்கான். எல்லாவனும் பார்வர்டு. கோல் அடிக்கணும், படம் புடிக்கணும். பின்னால நிக்கிறதுக்கு ஆளு கெடையாது.”

“அப்ப போயி நில்லுங்கோ. நின்னுட்டு வாங்கோ. மாப்புள வந்தா ஒதுங்கிக்கிடுங்கோ. அம்புட்டுத்தான்.”

“ஒதுங்குறதுக்குப் பேரு பேக் இல்ல ஜுலைஹா. போக்குவரத்துப் போலீஸ்.”

“என்னமோ ஒண்ணு. ஒங்க ஃபைனல் முடிஞ்ச பொறவு நமக்கு ஒரு நிக்காஹ் இருக்கு. அத நெனப்புல வச்சிக்கிடுங்கோ.”

அலாவுதீனுக்கு அதுதான் நெஞ்சில் குத்தியது. அவருக்கு மகள் என்றால் உயிர். பந்து என்றால் அதற்கு அடுத்தபடி. ரொம்பத் தள்ளியெல்லாம் இல்லை, கொஞ்சம் அடுத்தபடி. இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து முட்டிக்கொள்ளும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பிழைப்பும் அவருக்குப் பந்துதான். அஜ்மானில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய அளவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. பந்து, பூட்ஸ், வலை, விசில். பின் மூலையில் ஜெர்சிகளுக்கு நம்பரும் பேரும் பதிக்கிற சூட்டு மெஷின். வேடிக்கை என்னவென்றால் அந்த ஃபைனலுக்கு இரண்டு தெருவுக்கும் ஜெர்சி அடித்துக் கொடுத்தது அவர்தான். வடக்குத் தெருவின் பத்தாம் நம்பர் சட்டையை மெஷினில் விரித்து, சுருக்கம் நீவி, எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, கைப்பிடியை அழுத்தினார். ரப்பர் வாசனையோடு ‘அஹ்சன்’ என்று பதிந்து வந்தது. மற்றச் சட்டைகளைவிட அதற்கு அரைநிமிஷம் கூடவே சூடு கொடுத்தார். மாப்பிள்ளை பேர் உரிந்து வந்துவிடக் கூடாதல்லவா?

அந்தச் சட்டைகளை வாங்கிப்போக வந்தவர் ஜாபர் சாதிக், அஹ்சனின் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். சார்ஜாவில் திரைச்சீலைக் கடை. திரை தைக்கிறவர் என்பதாலோ என்னவோ, எதையும் மறைத்தே பேசுவார்.

“மச்சான், ஊர்ல இருந்து தங்கச்சி ரஹீமா போன் பண்ணிச்சி. மவன் கால்ல அடிபட்டு நொண்டிக்கிட்டு மாப்புள ஊர்வலம் போறதாக் கனவு கண்டிச்சாம்.”

“யா அல்லா. கனவா?”

“கனவுதான். நான் சொன்னேன், அலாவுதீன் மச்சானப் பத்தி எனக்குத் தெரியாதா, அவுஹ கண்ணியமான ஆளு, கால எடுத்து வைக்கிறதுலயே ஒரு நிதானம் இருக்கும்னு.” கறுப்புத் தேநீரை உறிஞ்சினார். “வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுகைக்குப் பொறவு ஒங்க வீட்டுலதானே சாப்பாடு? சொன்னது சொன்னபடிதானே?”

“இதென்ன கேள்வி மச்சான்? ஜுலைஹா இப்பவே மசாலா அரைக்க ஆரம்பிச்சாச்சி.”

“இன்ஷா அல்லா, வந்துருவோம்.” வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “எல்லாம் நல்லபடியா நடந்தா.”

அந்தக் கடைசி வார்த்தை பல்லில் மாட்டிய நார் மாதிரி அலாவுதீனை அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் தெற்குத் தெருவுக்கு ஒரு கோச்சும் வந்து சேர்ந்திருந்தார். இங்கிலாந்துக்காரர். பேர் கிளைவ் ஹாப்வுட். சார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். கடைக்கு விசில் வாங்க வந்தவர், அலாவுதீன் முட்டியில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்தார். தன் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினார். அவருடைய இரண்டு முட்டியிலும் தையல் தழும்பு பூரான் மாதிரி ஓடியது. அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை. “யூ டிஃபெண்டர்?” என்றார் அலாவுதீன். “சென்டர் ஹாஃப்,” என்றார் அவர். ஸ்டாப்பர் பேக்குக்கு அவர்கள் ஊரில் அப்படிப் பேராம். இரண்டு பேரும் கை குலுக்கிய விதத்தைப் பார்த்தவர்கள் பிரிந்துபோன அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தெருப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. “கிளைவா? சரித்திரப் பாடத்துல வந்தவன் பேரனா?” என்று ஒருவன் கேட்டான். இங்கிலாந்தில் பதினாறு வருஷம் சம்பளத்துக்கு ஆடியவர் என்றதும் ஓட்டமாக ஓடி இன்டர்நெட் கஃபேயில் அவர் பேரைத் தட்டிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. மூன்றாம் டிவிஷன், நாலாம் டிவிஷன், மறுபடி மூன்றாம் டிவிஷன், மறுபடி நாலாம் டிவிஷன். பதினாறு வருஷத்தில் அடித்தது ஏழே ஏழு கோல்.

“காக்கா, ஏழு கோல நம்ம கோலியே அடிச்சிருப்பான்,” என்றான் ஒருவன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

“அடேய், அவரு எத்தன கோல விடாமத் தடுத்தாருன்னு அந்தப் பொட்டியில போட்டிருந்திச்சா?” என்றார் அலாவுதீன்.

“இல்ல காக்கா.”

“போடமாட்டான். எந்தப் பொட்டியிலயும் போடமாட்டான்.” அந்த நிமிஷத்திலிருந்து கிளைவ் அவருக்குக் கூடப்பிறந்தவர் ஆகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இடியாப்பம், ஆட்டுக்கறி ஆணம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். அஜ்மானிலேயே வளர்ந்த ஹிஃப்ஸாவுக்கு இங்கிலீஷ்தான் கைவந்த பாஷை, அதனால் மொழிபெயர்ப்பு அவள் பொறுப்பு. அவர் பேசப் பேச, அவள் அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றபடி இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அவங்க வாப்பா பஸ் கண்டக்டராம். பதினேழு வயசுல கிளப்புல சேர்ந்தாராம். முதல் வருஷம் ஃபுல்லா சீனியர்ஸோட பூட்ஸைத் தொடைக்கிறதுதான் வேலையாம். கிரவுண்ட்ல ஐஸ் கட்டிட்டா கார் பார்க்கிங்ல டிரெய்னிங்காம்.”

“சம்பளம் தந்து செருப்புத் தொடைக்கச் சொல்லுவானுவளா?” என்றாள் ஜுலைஹா.

“ஆறு கிளப்பு மாறினாராம். சட்டை கலர் மட்டும்தான் மாறிச்சு, முட்டி அதே முட்டிதான்னு சொல்றார். சம்மர்ல மேட்ச் இருக்காதாம், அப்ப வீடு வீடாப் போயி கார்ப்பெட் ஒட்டுவாராம்.”

“ஒரு பெரிய மேட்சாவது ஆடிருக்காரான்னு கேளும்மா,” என்றார் அலாவுதீன்.

கிளைவ் முகம் மலர்ந்துபோனது. கையில் இருந்த இடியாப்பத்தைத் தட்டில் போட்டுவிட்டு, உப்பு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் எடுத்து மேஜையில் வைத்து அப்படியும் இப்படியும் நகர்த்திக் காட்டினார்.

“ஒரு கோப்பை மேட்ச்ல நாட்டுலயே பெரிய டீமோட ஆடினாங்களாம். அந்த டீம்ல ஒரு ஃபேமஸ் பார்வர்டாம். அவரைத் தொண்ணூறு நிமிஷமும் இவர்தான் பிடிச்சாராம். ஒரு ஷாட் கூட அடிக்க விடலையாம். மறுநாள் பேப்பரை வாங்க ஓடினாராம்.” ஹிஃப்ஸா சிரிப்பை அடக்கினாள். “அதுல என்ன போட்டிருந்தாங்கன்னா, அந்த ஃபேமஸ் ஆளுக்கு நேத்து உடம்பு சரியில்ல போலன்னு போட்டிருந்தாங்களாம். இவர் பேரே இல்லையாம்.”

அலாவுதீன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்ததில் கண் கலங்கிவிட்டது. அவருடைய இருபத்தைந்து வருஷ ஆட்டத்தையும் யாரோ நாலு வரியில் எழுதிக் காட்டியது போல் இருந்தது.

“கேளு ஹிஃப்ஸா. சொந்தக்காரன் யாரையாவது எதுத்து ஆடியிருக்காரா? கேளு கேளு.”

ஜுலைஹா முறைத்தாள். ஹிஃப்ஸாவுக்கு முகம் சிவந்தது, ஆனாலும் கேட்டாள். கிளைவ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அவங்க வொய்ஃபோட தம்பியாம். எதிர் டீமாம். சேத்துல வச்சி ஒரு இடி இடிச்சாராம், அந்தத் தம்பி வாய் நிறைய மண்ணாம். அந்த வருஷம் கிறிஸ்மஸ் விருந்துல மாமியார் எல்லாருக்கும் உருளைக்கிழங்கு வச்சாங்களாம். இவர் தட்டுல மட்டும் வைக்கலையாம்.”

“கேட்டியளா?” ஜுலைஹா துள்ளி எழுந்தாள். “வெள்ளக்காரியா இருந்தாலும் மாமி மாமிதான். நான் சொன்னா கேக்க மாட்டிய. இப்ப அவரே சொல்லிட்டாரு.” கிளைவின் தட்டில் வட்டிலப்பத்தை இன்னும் ஒரு பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். பாவம், உருளைக்கிழங்கு கிடைக்காத மனுஷன்.

அன்றே அலாவுதீன் ஒரு முடிவுக்கு வந்தார். ஆடுவது; ஆனால் மாப்பிள்ளை வந்தால் ஒதுங்கிவிடுவது. மற்ற எல்லாரையும் தடுத்துத் தெருவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது, ஒருத்தனை விட்டு மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது. அரைக்கால் சட்டைக்கு மேலே முழு நீளத்துக்கு ஒரு டிராக் பேன்ட். மரியாதைக்கு மரியாதை, ஆட்டத்துக்கு ஆட்டம். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அஜ்மானில் பனிமூட்டம். எதிரில் வரும் வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் மணல் மைதானம். பையன்கள் விடியலுக்கு முன்னே வந்து கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் கார்கள். கார்களுக்குள் பெண்கள், பிள்ளைகள், பிளாஸ்க்கில் தேநீர், டப்பாவில் சுண்டல். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற அலாவுதீனின் பழைய கொரோலாவில் ஜுலைஹாவும் ஹிஃப்ஸாவும். ஜுலைஹா விடியற்காலையிலேயே கறியைத் தாளித்து அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள். கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்தது.

மலப்புறத்துக்கார ரெஃப்ரி விசில் ஊதினார்.

முதல் கால்மணி நேரம் அலாவுதீன் வெகு ஜோராக ஆடினார். தலைக்கு வந்த பந்தையெல்லாம் திருப்பி அனுப்பினார். கோட்டுக்கு வெளியே நின்ற கிளைவ், “வெல் டன், அல்லாதீன்!” என்று கத்தினார். அப்புறம் பந்து அஹ்சன் காலுக்கு வந்தது. ஒல்லியான, வேகமான பையன். நேராக மாமனாரைப் பார்த்து ஓடி வந்தான். அவனுக்கும் ஊரிலிருந்து உம்மா போன் போட்டிருந்தார்கள் போலும். கிட்டே வந்ததும் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். அலாவுதீனும் நின்றார். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா கிடந்தது.

“எடுங்கோ மாப்புள,” என்றார் அலாவுதீன் தணிந்த குரலில்.

“இல்ல மாமா, நீங்க…”

“அட, எடுங்கோன்னா.” டிராக் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாசலில் விருந்தாளிக்கு வழி விடுகிற மாதிரி இரண்டடி விலகி நின்றார்.

பையனுக்கு வேறு வழியில்லை. பின்னாலிருந்து அவன் அணி முழுக்க ‘அடிடா’ என்று கத்துகிறது. தட்டிக்கொண்டு போய் வலைக்குள் போட்டான். கோல்தான். ஆனால் யாரும் கை தட்டவில்லை. கார்களுக்கு நடுவிலிருந்து எவனோ ஒரு வாயாடி சத்தம் போட்டான்.

“மாமனாரு சீதனம் குடுத்துட்டாரு டோய்! சீதனக் கோல்!”

மைதானமே சிரித்தது. தெற்குத் தெருவும் சிரித்தது, வடக்குத் தெருவும் சிரித்தது. ஹாரன் அடித்தார்கள். “மஹர் எங்க மாப்புள?” என்று இன்னொருவன், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கேட்டு. கோல் அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடந்தான். அதற்கப்புறம் ஹாஃப் டைம் வரைக்கும் அவன் பந்தையே கேட்கவில்லை.

தெற்குத் தெருப் பையன்கள் இடைவேளையில் ஆரஞ்சுச் சுளையைத் தின்றபடி அலாவுதீனைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கிளைவ் இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. அஹ்சன் தன்னந்தனியாக மைதானத்தைத் தாண்டி இவர்கள் பக்கம் வந்தான். நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை தானாக வந்து மாமனாரிடம் வாய் திறப்பது எந்த வழக்கத்திலும் இல்லை. அலாவுதீன் பதறி எழுந்தார்.

“மாமா.” எதிரில் வந்து நின்றான். “சீதனமே வேணாம்னு உம்மாட்ட சண்ட போட்டவன் நான். ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் மாப்புள. மாஷா அல்லா, அது எவ்வளவு பெரிய…”

“அத இத்தன பேரு முன்னால கொண்டாந்து என் கால்ல போட்டியளே மாமா. நான் என்ன, அடிச்சி வாங்கத் தெரியாதவனா? ஒங்க வீட்டுக்கு வந்தா அங்கயும் இப்படித்தானா? ஆயுசுக்கும் எனக்கு வழி விட்டு விட்டு நிப்பியளா?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “மறுபடியும் ஒதுங்கினியள்னா நான் கிரவுண்ட விட்டுப் போயிருவேன். எல்லாத்தையும் விட்டுட்டும் போயிருவேன்.”

திரும்பி நடந்துவிட்டான். மரியாதை என்று நினைத்துச் செய்தது இப்படித் திரும்பி அடிக்குமா? இடித்தால் சம்பந்தி வீடு போகும்; இடிக்காவிட்டால் மாப்பிள்ளையே போவான். அலாவுதீன் கொரோலாவின் ஜன்னலுக்குப் போய்க் குனிந்தார்.

“என்ன சொன்னாஹ? என்ன சொன்னாஹ?” என்று ஜுலைஹா துடித்தாள். அவர் சொன்னார். “யா அல்லா, நான் என்ன செய்வேன், அந்த ஜாபர் காக்கா வேற பார்த்துக்கிட்டே இருக்காஹளே…”

“உம்மா, கொஞ்சம் இரு,” என்றாள் ஹிஃப்ஸா. அவள் கண்ணும் சிவந்திருந்தது. “வாப்பா, எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் இங்க உக்காந்து கேட்டுட்டிருந்தேன். எனக்கு எவ்வளவு அசிங்கமா இருந்துச்சி தெரியுமா?”

“மவளே, ஒனக்காகத்தானே…”

“சின்ன வயசுல கேரம் ஆடுவோமே, ஒரு தடவையாச்சும் என்னை ஜெயிக்க விட்டிருக்கீங்களா? நான் அழுவேன். உம்மா உங்களைத் திட்டுவாங்க. அப்பவும் விடமாட்டீங்க.”

“அது… நீ என் மவளாச்சே. ஒனக்கு எதுக்கு விட்டுக்குடுக்கணும்?”

“அதான் வாப்பா கேக்குறேன். நான் உங்க மவ. அவர் மட்டும் யாரோவா?”

அலாவுதீன் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரியவளாக இவள் எப்போது ஆனாள்? நிமிர்ந்தார். காரில் சாய்ந்து ஒரு காலை உதறினார், மறு காலை உதறினார். டிராக் பேன்ட்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக ஜுலைஹா மடியில் போட்டார்.

“ஐயோ, கால்சட்டையோட!” ஜுலைஹா முகத்தைப் பொத்திக்கொண்டாள். ரோமம் அடர்ந்த இரண்டு கால்களோடும், ஒரு முட்டிப் பட்டியோடும் செய்கு அலாவுதீன் மைதானத்துக்குள் நடந்து போனார். பார்த்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

அஹ்சனுக்குப் பந்து வந்தது. இந்தத் தடவை அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. இடப்பக்கம் போகிற மாதிரி காட்டி வலப்பக்கம் வெட்டினான். இருபத்தைந்து வருஷமாக அந்த வெட்டைப் பார்த்த கால் யோசிக்கவே இல்லை. மணலில் சறுக்கியபடி போய் பந்தைச் சுத்தமாக எடுத்தது. பந்து ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். அவன் குப்புற விழுந்து நாலு முழம் உருண்டான். புழுதி அடங்குவதற்குள் ஜாபர் சாதிக் “அடப்பாவி மச்சான்!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

அஹ்சன் எழுந்து உட்கார்ந்தான். வாயிலிருந்து மணலைத் துப்பினான். ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோனதைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினான்.

“பவுல் இல்ல ரெஃப்ரி. பந்தத்தான் எடுத்தாஹ.” பிறகு தாய்மாமனைப் பார்த்து, “மாமா, நீங்க வெளிய போங்கோ, ஆட்டம் நடக்குதுல்லா,” என்றான். பல்லெல்லாம் மண். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஆட்டம். ஏழெட்டுத் தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் அவர் எடுத்தார். ஒரு தடவை தோளால், ஒரு தடவை தலையால், ஒரு தடவை பின்பக்கத்தால் என்றுகூடச் சொல்லலாம். கிளைவ் கோட்டுக்கு வெளியே தானும் கூடவே காலை நீட்டி நீட்டி ஆடினார். நடுவில் தெற்குத் தெரு ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கடைசியில், எல்லாரும் பெனால்டி என்று நினைத்தபோது, அஹ்சன் பந்தை மாமனாரின் இரண்டு காலுக்கும் நடுவில் தட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் பிடித்தான். அலாவுதீன் திரும்பினார், துரத்தினார், கையை விரித்து விழுந்தார். எட்டவில்லை. பந்து வலைக்குள் போயிற்று.

இந்தத் தடவை யாரும் சீதனம் என்று சொல்லவில்லை. வடக்குத் தெரு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மணலில் மல்லாந்து கிடந்த அலாவுதீனுக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. தோற்றவன் சிரிக்கிறானே என்று தெருப் பையன்கள் திகைத்தார்கள். தன் வீட்டுக்கு வரப்போகிறவன் தன்னை முறையாக ஜெயித்திருக்கிறான் என்பதை அந்தப் பொடிப்பயல்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

“கப்பு போச்சே,” என்றார் காரில் ஏறியதும், ஒரு பேச்சுக்கு.

“எங்க போவுது? நிக்காஹ் முடிஞ்சா மாப்புளயோட நம்ம வீட்டுக்குத்தானே வரும்,” என்றாள் ஜுலைஹா. உடனே முகம் வாடியது. “சாப்பாட்டுக்கு வருவாஹளா? ஜாபர் காக்கா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டில்லா போனாஹ?”

ஜும்ஆ முடிந்தது. வீட்டில் நெய்ச்சோறு தம்மில் இருந்தது, விருந்துக்கென்றே வைக்கும் களறிக் கறி மணத்தது, கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பும் சேர்த்த பச்சடி ஆறிக்கொண்டிருந்தது. அலாவுதீன் பால்கனிக்கும் வாசலுக்குமாக நொண்டி நொண்டி நடந்தார். ஹிஃப்ஸா அடுக்களையில் தம்ளர்களைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். முன்கூட்டியே வந்துவிட்ட கிளைவ் மட்டும் நிம்மதியாக சோபாவில் முட்டியில் ஐஸ் பையோடு இருந்தார். ஆடாத முட்டிக்கு ஐஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மணி அடித்தது. வாசலில் ஜாபர் சாதிக், பின்னால் அஹ்சன். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மூக்கின் மேல் ஒரு சிராய்ப்பு.

“ரஹீமா போன் பண்ணிச்சி,” என்றார் ஜாபர் சாதிக் முறைப்பாக. “கால் ரெண்டும் நல்லா இருக்கான்னு கேட்டிச்சி. இருக்குன்னேன். இவன் போனப் புடுங்கி, ‘உம்மா, இந்த வீட்டத் தவிர வேற எங்கயும் மாப்புளயாப் போவமாட்டேன்’னு சொல்லிட்டு வச்சிட்டான். எனக்கென்ன வேல? சோறு போடுங்கோ.”

அடுக்களையில் ஒரு தம்ளர் கீழே விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஜுலைஹா சொன்னது ஹால்வரை கேட்டது.

தரையில் விரிப்பு விரித்து நடுவில் சஹன் வந்தது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. ஜாபர் சாதிக், கிளைவ், அஹ்சன் மூவரும் உட்கார்ந்தார்கள். மாமனார் நின்று பரிமாறுவதுதான் முறை. அலாவுதீன் கரண்டியோடு நின்றார்.

“நாலாவது எடம் யாருக்கு மாமா?” என்றான் அஹ்சன்.

“நான் பொறவு…”

“நீங்க உக்காராம நான் கை வைக்க மாட்டேன்.”

அலாவுதீன் அடுக்களைத் திரைப்பக்கம் பார்த்தார். திரை அசைந்தது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முட்டி மடங்கவில்லை. அஹ்சன் எழுந்து கையைக் கொடுத்து அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

சோற்றின் உச்சியில் ஒரே ஒரு நல்லி எலும்பு, மஜ்ஜை பளபளக்க. மாப்பிள்ளைக்கென்று ஜுலைஹா வைத்தது. அலாவுதீனின் கை பழக்கத்தில் அதை அஹ்சன் பக்கம் தள்ளப் போனது. பாதி வழியில் நின்றது. ஜாபர் சாதிக் பார்த்தார். கிளைவ் மெல்லுவதை நிறுத்தினார். அலாவுதீன் நல்லியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, நிதானமாகத் தானே உறிஞ்சினார்.

அஹ்சன் உரக்கச் சிரித்தான். திரைக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்டது. சிரித்துக்கொண்டே அவன் கையை நீட்டி, மாமனார் பக்கத்தில் சோற்றுக்குள் பதுங்கியிருந்த பெரிய கறித்துண்டைக் குறி வைத்தான்.

அலாவுதீன் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தார்.